கொண்டி

நாவலில் அது ஆறு பக்கம்.
பண்ணைக்காரன் தொப்பியைக் கழற்றி
நிலத்தின் அளவு, வங்கிக் கடன்,
செத்துப்போன தாயின் பியானோ
எல்லாம் சொல்லி முடித்துத்தான்
கல்யாணம் கேட்கிறான்.
அவள் மறுப்பதற்கு மட்டும் ஒன்றரைப் பக்கம்.
விக்டோரியா ராணி காலத்தில்
மாட்டேன் என்பதற்கும் அவகாசம் இருந்தது.

முதல் வரைவில் மூன்று பக்கமாக்கினேன்.
அடுத்ததில் ஒன்று.
பியானோவை வெட்டிய இரவு தூங்கவில்லை.
கடனை எப்போது வெட்டினேன், நினைவில்லை.
ஏழாவதில் மிஞ்சியது
அவளுடைய ஒரே வரி:
'உங்களைப் பிடிக்கும். அது போதாது.'
அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்.

டார்செட். செப்டம்பர்.
கதைப்படி மே.
ஜூனிலேயே ரோமம் கத்தரித்த ஆடுகள்
சட்டையைக் கழற்றிக் கொடுத்தவர்கள்போல் நின்றன.
மந்தைக்காரர் டெனிஸ் ஸ்குவிப் கேட்டார்:
'உங்களில் ஒருத்தர்கூட ஆடு பார்த்ததில்லையா?'
தூரத்தில் நிறுத்து, மூடுபனி போடு
என்றார் இயக்குநர்.
புகை மெஷின் இருமியது.
ஆடுகளும்.

இருபத்தொன்பதாம் அத்தியாயம்
'ஒன்பது ஆண்டுகள் கழிந்தன' என்று தொடங்கும்.
ஆசிரியருக்கு அது
பேனாவை ஒருமுறை மையில் தொட்ட நேரம்.
எங்களுக்கு மூன்று நாள்,
நான்கு நரைத்த விக்,
லாரியில் வந்திறங்கிய
பெரிய ஆப்பிள் மரம் ஒன்று.
நீளம் என்று நான் வெட்டியதெல்லாம் மலிவு.
சுருக்கம் என்று விட்டதுதான்
பட்ஜெட்டைத் தின்றது.

பதினோராவது டேக்.
டாம்சின் மரக்கதவருகே வந்தாள்.
அவன் கேட்டான்.
தொப்பி நாடாவைக் காற்று
அவள் உதட்டில் ஒட்டிவைத்தது.
அவள் அதை எடுக்கவில்லை.
என் வரியையும் சொல்லவில்லை.
கொண்டியைத் தூக்கினாள்.
கொஞ்சம் யோசித்து
மறுபடி போட்டாள்.

இரும்பில் இரும்பு.

'கட்' சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை.
ஒலிப்பதிவுக்காரர் மட்டும்
ஹெட்போனைக் கழற்றி,
'விமானம் இல்லை, சுத்தம்' என்றார்.
ஸ்கிரிப்ட் பெண் என் வரியின் மேல்
ஸ்கேல் வைத்துக் கோடு போட்டாள்.
அவ்வளவு நேராகப் போட்டிருக்க வேண்டாம்.

தேநீர் வரிசையில் ஸ்குவிப் சொன்னார்:
'கொண்டி போன வாரம் வாங்கினது.
பழசு ஒட்டிக்கொண்டு திறக்காது.
அந்தத் துரு உங்கள் ஆட்கள் பூசினது.'

ராத்திரி, விடுதி அறையில்,
நாவலைப் பிரித்தேன்.
ஆறு பக்கமும் அங்கேயே இருந்தன.
தொப்பியைக் கையில் சுற்றிக்கொண்டு
கடன் விவரத்தில் இருக்கிறான் அவன்.
இன்னும் பியானோவுக்கு வரவில்லை.