முப்பத்தெட்டு நொடி

மைனஸ் முப்பத்திரண்டு.
இன்னும் நாற்பத்தொரு விழுக்காடு சார்ஜ் இருக்கிறது
என்று காட்டிக்கொண்டே
செத்துப்போனது போன்.
ஜுரம் பார்ப்பவள்போல
எடுத்து அக்குளில் வைத்துக்கொண்டேன்.
உலான்பாத்தரில் ஜனவரியில் படமெடுப்பவளுக்கு
முதல் கருவி அக்குள்,
கேமரா எல்லாம் அப்புறம்.

கதை இவ்வளவுதான்.
ஒருவன் பஸ்ஸுக்குக் காத்திருக்கிறான்.
பஸ் நிற்காமல் போகிறது.
இந்த ஊர் மொத்தமும் இதற்குள் இருக்கிறதென்று
இரவு இரண்டு மணிக்கு ஒத்கோனை எழுப்பிச் சொன்னேன்.
"நிறுத்தத்தில் நின்று பார்த்திருக்கிறாயா நீ?"
என்றாள், கண்ணைத் திறக்காமல்.

நடிகன் தவாசம்பூ.
டயர் கடையில் அரைநாள் லீவு.
பதிலுக்கு முதலாளி பெயர் படத்தில் வரவேண்டுமாம்.
முப்பத்தெட்டு நொடியில் எங்கே வைக்க?
பார்த்துக்கொள்ளலாம் என்றேன்,
பார்க்கப்போவதில்லை என்ற முடிவோடு.

கிளாப் கட்டை கிடையாது.
விரலைச் சொடுக்கித் தொடங்கலாமென்றால்
கம்பளிக் கையுறைக்குள் நொடி பிறப்பதில்லை.
கையுறையைக் கழற்றினால் விரல் மரத்துப்போகும்.
கழற்றாவிட்டால் திரைக்கு என்னை அடையாளம் தெரியாது.
குனிந்து
மூக்கு நுனியால் தொட்டேன்.
சிவப்புப் புள்ளி எரிந்தது.

பஸ் வந்தது.
நின்றது.

போங்கள் போங்கள் என்று கையாட்டினோம்.
கதவைத் திறந்து வைத்துக்கொண்டு
எங்களையே பார்த்தார் ஓட்டுநர்.
பிறகு போனார்.
மலைமேல் கடைசி நிறுத்தம்வரை ஏறி
அதே பஸ் திரும்பிவர ஐம்பது நிமிடம்.
போன் அக்குளில். நாங்கள் நிலக்கரிப் புகையில்.
ஃபிளாஸ்கில் உப்புத் தேநீர்
மூடியளவுதான் மிச்சம்.

இரண்டாம் முறை
சாலையையே பார்க்காதே என்று சொல்லியிருந்தேன்.
தவாசம்பூ கம்பத்தைப் பார்த்து நின்றான்,
கம்பம் கடன்காரன்போல.
பஸ் நின்றது. ஹாரன் வேறு.

ஒத்கோன் படியேறிப் போய் விளக்கினாள்:
அண்ணா, நீங்கள் நிற்காமல் போகவேண்டும்.
"ஆள் நிற்கிறானே."
அவன் நடிக்கிறான்.
"குளிருமா நடிக்கிறது?"
உள்ளேயிருந்து யாரோ
கதவைச் சாத்தித் தொலையேன் என்று கத்தினார்கள்.
சரி, அடுத்த நடையில் நிறுத்த மாட்டேன் என்றார்
அரை மனதாக.
செதெவ். சட்டைப்பையில் பெயர் குத்தியிருந்தது.

மூன்றாம் முறை வெளிச்சம் இறங்கிவிட்டது.
மூக்கு. சிவப்புப் புள்ளி.
பஸ் வந்தது,
வேகம் குறைந்தது,
என் வயிறு இறுகியது,
போய்விட்டது.
கடைசியில் நான் எழுதியது நடக்கிறது!
ஒருவன், காலியான சாலை,
தேய்ந்துபோகும் இரண்டு சிவப்பு விளக்குகள்.
மனதுக்குள் எண்ணுகிறேன்:
இருபத்தாறு, இருபத்தேழு.

இருபது அடி தள்ளி
பிரேக் விளக்கு எரிந்தது.

கதவு திறந்தது. ஒரு கை மட்டும் வெளியே வந்தது.
திரைக்கதையில் இல்லாத தவாசம்பூ ஓடினான்,
இரண்டரை மணிநேரமாகச் சொந்தக் காலில் உறைந்திருந்தவன்.
ஒத்கோன் ஓடினாள்.
வெட்டு என்று சொல்லவேண்டிய நானும் ஓடினேன்,
போனை முன்னால் நீட்டியபடி.
படியில் கால் வைத்ததும்
அத்தனை பேரின் மூச்சும் கோட்டும் வியர்வையும்
ஒரே ஆவியாய் வந்து
லென்ஸை மூடியது.

வெள்ளை.
அதற்குள் அட்டை தேய்க்கும் கீச்சொலி.
தள்ளி உட்காருங்கள் என்று ஒரு குரல்.
பற்கள் அடித்துக்கொள்ளும் சத்தம்
என்னுடையதாக இருக்கலாம்.
முப்பத்தெட்டில் மறுபடி செத்தது போன்,
அதுவாகவே.

வெள்ளையை வெட்டு என்றாள் ஒத்கோன்.
வெட்டிப் பார்த்தேன்.
ஒருவன் காத்திருக்கிறான், பஸ் போகிறது.
நான் எழுதியதேதான்.
பொய்யாக இருந்தது.
திரும்ப ஒட்டிவிட்டேன்.

டயர் கடையில் கவுன்டர்மேல் வைத்துக் காட்டினோம்.
முதலாளி இரண்டுமுறை பார்த்தார்.
என் பெயர் எங்கே?
அந்த வெள்ளையில்தான் இருக்கிறது என்றான் தவாசம்பூ,
நட்டை முறுக்கிக்கொண்டே.
கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு
மூன்றாம் முறை குனிந்தார் அவர்.