முதல் உரிமையாளர்

கீழக்கரையில், ஜெட்டிக்குப் பின்னால்,
மரைக்காயர் சங்கு வைத்திருந்த கிட்டங்கியில்
முப்பத்தோரு வருடம் நின்றது அந்த பிளைமவுத்.
கச்சான் வீசும் மாதங்களில்
கடல் வந்து கதவை நக்கிவிட்டுப் போகும்.
நக்கிய இடமெல்லாம்
பெயிண்டுக்கு அடியில் அரிசி பொரிவதுபோலத்
துரு பொரிந்தது, சத்தமே இல்லாமல்.

நான் டிங்கர். நம்புராஜன்.
தேங்காய் வாங்குகிறவன் மாதிரி
வண்டியைத் தட்டித்தான் விலை சொல்வேன்.
தட்டினேன். நாலு லட்சம் என்றேன்.
அதுவும் கிறுக்கன் எவனாவது வந்தால்.

தரகர் சீனிக் காதர் சிரித்தார்.
பாலிதீன் பைக்குள் இன்னொரு பாலிதீன் பை,
அதற்குள் ஆர்.சி. புத்தகம்.
கறையான் மிச்சம் வைத்த முதல் பக்கத்தில்
ஊதா மை, சாய்ந்த எழுத்து:
டி.எஸ். குமுதவல்லி, சினிமா நடிகை, மதராஸ்.
"இப்பச் சொல்லு."

பத்தொன்பது.

நாலுக்கும் பத்தொன்பதுக்கும் நடுவே
நான் ஒரு நட்டுகூட முடுக்கவில்லை.
அந்தப் பதினைந்து லட்சம்
எந்த இடத்தில் ஒட்டியிருக்கிறது என்று
அன்று ராத்திரி டார்ச் அடித்துத் தேடினேன்.
கார்புரேட்டரில் இல்லை.
டிக்கியில் ஒரு நண்டு ஓடு கிடந்தது.

அந்தம்மா வைத்திருந்தது பதினாலு மாதம்.
மரைக்காயர் ஓட்டியது இருபத்திரண்டு வருடம்.
ஆனாலும் அவர் பெயர் இரண்டாம் பக்கம்.

இதே வருடம், இதே மாடல், இதே பாசிப்பச்சையில்
தொண்டியில் இன்னொன்று இருந்தது.
கஸ்டம்ஸ் சூப்பிரண்டு ஒருவருடையது.
ஞாயிற்றுக்கிழமை மட்டும் எடுப்பார்,
ஆயில் மாற்றிய தேதியை நோட்டில் எழுதுவார்,
மழை என்றால் நடந்தே போவார்.
கதவைச் சாத்தினால் இரும்புப் பெட்டி சாத்தின மாதிரி.
அவர் பெயர் என்னவென்று கேட்டேன்.
பேரனுக்கே இரண்டு நிமிடம் ஆனது.
அதை எடைக்குப் போட்டார்கள், கிலோ இருபத்தாறு.
பாதியை நான் வாங்கினேன்:
நாலு கதவு, தரைத் தகடு, ஸ்டியரிங்.
குமுதவல்லிக்கு சூப்பிரண்டைப் பொருத்தினேன்.
மனுஷர் கூச்சப்பட்டிருப்பார்.

கோயம்புத்தூரிலிருந்து வந்தார்
நூற்பாலை வரதராஜு, மனைவியோடு.
அந்தம்மா பின்பக்க இடது கதவில் கை வைத்து
கொஞ்சம் கண்ணை மூடினார்.
"இப்படித்தானே இறங்கியிருப்பாங்க,
சேலைத் தலைப்பு மாட்டிக்காம..."
சீனிக் காதர் என்னைப் பார்த்தார்.
நான் கடலைப் பார்த்தேன்.
கடலில் பார்க்க ஒன்றுமில்லை, இரண்டு வல்லம்.

சாயங்காலம் டீக்கடையில்
மனசு கேட்காமல் அவரைத் தனியே கூப்பிட்டேன்.
"சார், கதவு அவங்களது இல்லை. தரையும் இல்லை."
டீயை ஊதினார்.
"என்ஜின்?"
"அவங்களதுதான். பிஸ்டன் மட்டும் மதுரை."
"சீட்டு?"
"ஸ்பிரிங் அவங்களது."
இன்னொரு தடவை ஊதினார்.
"அந்தப் புத்தகம்?"
"அசல் சார். கறையான்கூட அசல்."
"அது போதும். வீட்டுல சொல்லிராதீங்க."
பணத்தில் ஒரு நோட்டுகூடக் குறைக்கவில்லை.

லாரியில் ஏற்றிக் கயிறு இழுத்துக் கட்டினோம்.
முக்கு ரோட்டில்
ஐஸ் பெட்டி ஏற்றிக்கொண்டிருந்தவர்கள் நின்று பார்த்தார்கள்.
குமுதவல்லி வண்டி, குமுதவல்லி வண்டி.
முப்பத்தோரு வருடமாக
அதன் பானெட்டில் வலை காயப்போட்ட ஆட்கள்தான்.
ஒருவன் கை காட்டினான்.
யாருக்குக் காட்டினான் என்று அவனுக்கும் தெரியாது.
என் கையும் பாதி தூக்கிவிட்டது.

கழற்றிய கதவுகளில் மூன்று பழைய இரும்புக்குப் போயின.
நாலாவது, பின்பக்க இடது கதவு,
கீழ்ப்பாதி சல்லடை,
என் வீட்டுக் கோழிக் கூட்டை மூடுகிறது.
தினமும் பொழுது சாய
காலால் தள்ளித்தான் சாத்துவேன்.

அன்றைக்கு
கைப்பிடியைச் சட்டையால் துடைத்து,
உள்ளே கோழிகள் என்னை ஒரு மாதிரி பார்க்க,
மெதுவாகச் சாத்தினேன்.