புகைச் சோதனை நிலையம், பெருந்துறை

போக்குவரத்து அலுவலகத்துக்கு எதிர்ச்சாரியில்
ஓடாத ஆம்னி வேனுக்குள் என் ஆபீஸ்.
ஒரு கம்ப்யூட்டர், ஒரு கேமரா,
நுனி கறுத்த குழாய் ஒன்று.
நாளெல்லாம் வண்டிகளின் பின்னால்
குனிந்து நிற்கிற சோலி.
முகம் பார்த்து ஆளை எடைபோடுகிறவர்கள் உண்டு.
எனக்கு முதுகுப்பக்கம்தான் தெரியும்.

இன்று பேப்பரில் வந்திருந்தது:
பெரிய கார்களுக்குப் பசுமை வரி போடலாமா என்று
யோசிக்கிறார்களாம்.
யோசித்ததற்கே இங்கே சண்டை.

"என்ர காசு, என்ர காரு" என்றார் சென்னியப்பன்.
சிப்காட்டில் சாயப்பட்டறை.
அவர் வெள்ளைக் காரை நிறுத்தினால்
டீக்கடைக்கு வெயில் மறைந்துவிடும்.
"வாங்கறப்ப வரி, ரோட்டுக்கு வரி,
டோல்கேட்டு வேற.
இனி மூச்சு உடறதுக்குமா அம்மிணி?"

"இருக்கறவங்க கட்டலீன்னா
யாருங் கட்டறது?"
ஆட்டோவை அணைத்துவிட்டு இறங்கினார் ஜப்பார்.
"சுத்தமான கேஸுன்னாங்க, மாத்துனேன்.
பங்க்குல ரெண்டு மணி நேரம் வரிசை.
வண்டி புகையறதில்லீங்.
நாந்தான் புகையறேன்."

விலாசம் மாற்ற வந்த மோகனப்பிரியா சிரித்தாள்.
மின்சார ஸ்கூட்டர். அதற்கு
என்னிடம் வேலை இல்லை.
பழக்கதோஷத்தில் ஒருநாள் குனிந்தும் பார்த்தேன்:
நம்பர் தகடு, மட்கார்டு, அவ்வளவுதான்.
எல்லாரும் இதற்கு மாறிவிட்டால்
நான் எங்கே குனிவது?

"கரண்ட்டு மட்டும் கரி எரிக்காம வருதாக்கும்?"
"ஆடியில காத்தாடி சுத்துதுங்களே."
"மார்கழியில?"
அவள் கொஞ்சம் யோசித்தாள்.
"மார்கழியிலயும் என்ர வண்டி புகையறதில்லீங்"
என்று சொல்லிவிட்டு
படிவம் நிரப்பப் போனாள்.

வெள்ளைக் காருக்குள் குழாயை விட்டேன்.
மிதிக்கச் சொன்னேன்.
எண் ஏறி, தயங்கி, இறங்கியது.
அனுமதித்த அளவில் பாதிகூட இல்லை.

அடுத்தது மில் வேன்.
இருபத்திரண்டு சீட்டு,
முப்பத்தொரு பெண்பிள்ளைகளை ஏற்றுகிற வண்டி.
மிதித்ததும் டீக்கடைக்காரர்
வடைத் தட்டை மூடினார்.
தேர்ச்சி இல்லை.

"பாத்தீங்ளா! வரிய அவனுக்குப் போடச் சொல்லு!"
டிரைவர் குப்புராசு
யாரையும் பார்க்கவில்லை, கடிகாரத்தைப் பார்த்தார்.
மூணு மணி ஷிப்ட்டு.

எனக்குத்தான் பொறுக்கவில்லை.
"ஏனுங்க, இந்த மெஷினு
ஒரு மொடக்குல எத்தன உப்புன்னு சொல்லும்.
எத்தன மொடக்குன்னு கேக்காதுங்.
அங்க முப்பத்தொரு பேரு, இங்க நீங்க ஒருத்தரு.
லிட்டருக்கு எத்தனைங்கறது வேற,
மொத்தமா எத்தனைங்கறது வேறன்னு
பட்டறைக்காரருக்கு நாஞ் சொல்லோணுங்களா?"

டீ ஆற்றுகிற சத்தம் நின்றது.
பிறகு அவரே சிரித்தார்.
"நீ இன்ஸ்பெக்டரா வந்திருந்தீன்னா
நான் எப்பவோ பட்டறையப் பூட்டியிருப்பனே."
ஐந்நூறு ரூபாய் நீட்டி மீதி வேண்டாம் என்றார்.
எண்ணிக் கொடுத்தேன்.

ஆனால் சீட்டு அவருக்குத்தான் கிடைத்தது.
குப்புராசுக்கு இல்லை.
வரி வந்தால் அந்தப் பணத்தில்
அவருக்கொரு வேன் வருமா?
பேப்பரைத் திரும்பப் புரட்டினேன்.
அது அங்கே இல்லை.
சீட்டு இல்லாமலே வேனை எடுத்துக்கொண்டு போனார்.
பிள்ளைகள் காத்திருப்பார்கள்.

பொழுதோட கரண்ட் போனது.
ஆம்னிக்குப் பின்னால்
டீசல் ஜெனரேட்டரை இழுத்துவிட்டேன்.
புகையளக்கும் மெஷினுக்கு
உசுர் கொடுக்கிறது அதுதான்.

ஆளில்லாத ஒரு மழைநாளில்
அதன் வாயிலும் குழாயை விட்டுப் பார்த்திருக்கிறேன்.
மெஷின் பாரபட்சம் பார்க்கவில்லை,
சோறு போடுகிற கை என்றும் பார்க்கவில்லை.
தேர்ச்சி இல்லை என்று காட்டிவிட்டு
வண்டி எண் கேட்டது.

கர்சர் மினுங்கிக்கொண்டிருந்தது,
வெகுநேரம்.