கட்டைவிரல்

அப்பாவைப் புதைத்துவிட்டு வந்து
தேவாலயக் கூடத்தில் காபி ஊற்றிக்கொண்டிருந்தேன்.
ஹூசாவிக்கில் அன்று காற்று,
கதவைத் திறந்தவரின் தொப்பியை
அவருக்கு முன்னால் உள்ளே அனுப்பியது.
தட்டை ரொட்டிமேல் புகையூட்டிய ஆட்டிறைச்சி,
சர்க்கரை தூவிச் சுருட்டிய பான்கேக்,
இரண்டாவது ஃப்ளாஸ்க்கும் தீரப்போகும் நேரம்.

வரிசையில் ஒரு கை கோப்பையை நீட்டியது.
கட்டைவிரலில் நகம் இல்லை.
இல்லவே இல்லை என்றும் சொல்ல முடியாது.
ஓரத்தில் அரிசிக் குருணையளவு ஒரு செதில்.
பக்கத்து விரலில் நகம் உண்டு,
அடியில் பிறை இருக்கவேண்டிய இடத்தில்
ஒரு வெள்ளை முக்கோணம்.

காபி சாஸரில் வழிந்தது.
ஃப்ளாஸ்க்கைப் பிடித்திருந்த என் விரலும்
அதே விரல்.
பெட்டியை மூடுமுன் காலையில்
கோர்த்து வைத்த அப்பாவின் கைகளில்
கடைசியாகப் பார்த்ததும் அதே.
கோடையிலும் கம்பளிக் கையுறை போட்டவர் அவர்,
இன்றுதான் வெறுங்கையோடு
ஊரின் முன்னால் படுத்திருந்தார்.

"பெர்சி க்ரோவுசோன்" என்றார் வந்தவர்.
இங்கே பிள்ளைக்குப் பின்னால் அப்பன் பெயர் வரும்.
நான் ஓர்முரின் மகள், ஓர்ம்ஸ்தோத்திர்.
இவர் க்ரோவின் மகன்.
க்ரோவா என்பது பெண் பெயர்.
"அம்மா ஒரு பருவம்
அவர் படகுக்குச் சமைத்தாள்."
அதற்குமேல் அவர் சொல்லவில்லை,
நான் கேட்கவும் இல்லை.

நகத்துக்கும் முட்டிக்கும்
சிறுநீரகத்துக்கும் கண்ணுக்கும் என்ன உறவு?
மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும்
முடிச்சுப் போடுகிறாரே இந்த டாக்டர் என்றுதான்
பதினேழு வயதில் நினைத்தேன், அகுரெய்ரியில்.
எக்ஸ்-ரேயை வெளிச்சத்தில் மாட்டினார்.
முட்டிச்சில்லுக்குப் பதில் ஒரு கூழாங்கல்.
இடுப்பெலும்பின் பின்புறம் இரண்டு கொம்புகள்.
"நாம் ஆட்டுச் சாதி" என்று சிரித்த அப்பா
வீடு வரும்வரை வாயைத் திறக்கவில்லை.
என் தம்பி தெய்துருக்கு எதுவுமில்லை.
பூவா தலையா போட்டதில்
அவனுக்கு நகவெட்டி கிடைத்தது.

கோட்டுகள் தொங்கும் இடைகழிக்கு
பெர்சியை அழைத்துப் போனேன்.
"எனக்கு ஒன்றும் வேண்டாம்" என்றார் அவசரமாக.
"முகம் பார்க்க வந்தேன்.
பனியில் பஸ் தாமதம். பெட்டி மூடியிருந்தது."
முழங்கையை நீட்டுங்கள் என்றேன்.
பாதியில் நின்றது, என்னுடையதைப் போல.
படி இறங்கும்போது முட்டி நழுவுமா?
நழுவும்.
சிறுநீரில் நுரை வருகிறதா?
திகைத்து என்னைப் பார்த்தார்.
அக்காவாகி ஐந்து நிமிடம்,
அதற்குள் இந்தக் கேள்வி.

நகமும் சதையுமாய் வளர்ந்தவர்கள் இல்லை நாங்கள்.
எங்களிடம் நகமே இல்லை.

அப்பா எதையும் ஆரம்பத்தில் கிள்ளியதில்லை.
ஆகவே கடைசி நான்கு வருடம்
வாரம் மூன்று நாள்
ஒரு இயந்திரம் அவர் ரத்தத்தைக் கழுவித் தந்தது.
இறுதிச் சடங்கின் அச்சுத்தாளைத் திருப்பி
பின்பக்கம் எழுதினேன்:
வருடத்துக்கு ஒருமுறை சிறுநீரில் புரதம்.
கண் அழுத்தம், வலிக்காவிட்டாலும்.
டாக்டரின் பெயர், தொலைபேசி எண்.
முன்பக்கத்தில் அப்பா
தொப்பியோடு நின்றுகொண்டிருந்தார்.
பாகப் பிரிவினை அவ்வளவுதான்.

"பிள்ளைகள்?"
"ஒருத்தி. ஆல்ஃப்ரூன். ஒன்பது வயது."
"அவள் நகம்?"

நெடுநேரம் அவர் பேசவில்லை.
யாரோ ஒருவர் கோட்டைத் தேடி வந்து
மன்னிப்புக் கேட்டுப் போனார்.
"கடித்துத் தின்கிறாள் என்று நினைத்தோம்.
கசப்பு மருந்து தடவுகிறோம்,
இரண்டு வருடமாக.
கடிக்கவே இல்லை என்று அழுவாள்."

பிறகு வாசலில் காற்றுக்கு முதுகைக் கொடுத்து
யாருக்கோ போன் செய்தார்.
கண்ணாடிக்கு இந்தப் பக்கம் எதுவும் கேட்கவில்லை.
நீட்ட முடியாத முழங்கை,
போனை இறுக்கிய அந்த வெற்றுக் கட்டைவிரல்.
கூடத்தில் மூன்றாவது ஃப்ளாஸ்க்கைக் கேட்டார்கள்.