ஏழாம் மேசை

எங்கள் கடையிலிருந்து கோபுரம் தெரியாது.
வாசலில் நின்றாலும் தெரியாது.
தெரிவதெல்லாம் புல்வெளியின் ஒரு மூலை,
அதில் நின்று காற்றைத் தள்ளும் மனிதர்கள்.
இரண்டு உள்ளங்கையும் விரித்து
பல்லைக் கடித்து
ஒரு காலைப் பின்னுக்கு ஊன்றி
இல்லாத எதையோ விழாமல் தாங்குகிறார்கள்,
எதிரே யாரோ படமெடுக்க.
பதினொரு வருடமாய்ப் பார்க்கிறேன்.
மூன்று தட்டுகளை ஒரே கையில் ஏந்தி வரும்போது
நானும் அப்படித்தான் தெரிவேனோ என்னவோ.

"கோபுரம் தெரிகிற மேசை இருக்கிறதா?"
எந்த மொழியில் கேட்டாலும் புரியும்.
இல்லை என்று ஒரே மொழியில் சொல்வேன்.
பாதிப் பேர் போய்விடுவார்கள்.
மீதிப் பேருக்குக் கால் வலி.
பீசாவில் எங்களுக்குப் படியளப்பது
அந்தக் கால் வலிதான்.

வாசலில் படம் போட்ட மெனு.
வெயில் முதலில் சிவப்பைத்தான் தின்னும்.
தக்காளி சாஸ் நீலம் பாரித்து
நான்கு கோடையாகிறது.
மாற்றலாமே என்றால், முதலாளியம்மாள் எர்சிலியா
"பசிக்கிறவனுக்கு நிறம் தெரியாது" என்பாள்.
போன வாரம் ஒருவர் தட்டைத் திருப்பி அனுப்பினார்,
படத்தில் இருப்பதுபோல் இல்லையாம்.
உள்ளே பாபக்கர்
கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.
தாக்காரில் பிறந்தவர்.
உப்புப் பார்க்க எர்சிலியா
அவர் நாக்கைத்தான் நம்புகிறாள்.

கல் பாவிய தெரு,
மழைநீர் ஓட வாட்டம் வைத்துப் போட்டது.
வாட்டம் தண்ணீருக்கு நல்லது,
மேசைக்கு ஆகாது.
எல்லா மேசைக் கால்களுக்கும் அட்டை கொடுத்து
ஒருவழியாய் அடக்கிவிட்டேன்,
ஏழாம் மேசையைத் தவிர.
முழங்கையை ஊன்றினால்
சூப் எழுந்து மடிக்கு வரும்.

செவ்வாய்க்கிழமை, இரண்டரை மணி இருக்கும்,
ஒரு பெண். கூட யாருமில்லை.
கோபுரம் கேட்கவில்லை.
ஏழில், சுவரைப் பார்த்த நாற்காலியை இழுத்துப்போட்டு
"மத்தியானம் நீங்கள் என்ன சாப்பிட்டீர்கள்?" என்றாள்.

எனக்குச் சட்டென்று ஞாபகம் வரவில்லை.
செச்சினா, என்றேன் பிறகு.
கடலைமாவை எண்ணெயில் கரைத்து
விறகடுப்பில் சுடுகிற அடை.
மேலே மிளகு. நின்றபடி தின்பது.
மெனுவில் கிடையாது.
அடுத்த சந்தில் துல்லியோவிடம் வாங்குவோம்.

"அதுவே போதும்."

ஓடினேன்.
காகிதத்தில் எண்ணெய் ஊற ஊறக் கொண்டுவந்தேன்.
கவிழ்த்து வைத்த அவள் போன்
ரீங்கரித்து ரீங்கரித்து
மேசையின் சரிவில் நகர்ந்துகொண்டே போயிற்று.
விளிம்பில் பிடித்து நடுவில் வைத்தாள்.
மறுபடி நகர்ந்தது.
மறுபடி பிடித்தாள்.
எடுத்துப் பேசவில்லை.

மூன்றே காலுக்கு இன்னொரு துண்டு கேட்டாள்,
அரை கிளாஸ் வெள்ளை ஒயினும்.

நான் பில் எழுதும்போது மேசைக்கடியில் குனிந்தாள்.
தோடு விழுந்துவிட்டதாக்கும் என்று நினைத்தேன்.
முழங்காலைத் தட்டிக்கொண்டு எழுந்து
உட்கார்ந்ததற்கு இரண்டு யூரோவா என்று
எல்லோரும் போடுகிற சண்டையைப் போடாமல்
சில்லறையை வைத்துவிட்டுப் போனாள்,
கோபுரத்துக்கு எதிர்த்திசையில்.

இரவு கடைசிப் பேருந்தும் கிளம்பியபின்
நாங்கள் மூவரும் ஏழில் உட்கார்ந்தோம்.
பாபக்கர் இரண்டு முழங்கைகளையும் ஊன்றினார்.
கிளாஸில் ஒயின் அசையவில்லை.
ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.
பிறகு நான் குனிந்தேன்.

எட்டாய் மடித்த தாள்.
கோபுரம் ஏறும் சீட்டு. இரண்டு பேருக்கு.
நேரம்: பிற்பகல் மூன்று பதினைந்து.

"யாரோ ஒருத்தன் வாசலில் நின்றிருப்பான்" என்றாள் எர்சிலியா.
"நிற்கட்டும்" என்றும் அவளே சொன்னாள்.
"போனில் கூப்பிட்டது அவள் அம்மாவாகவும் இருக்கலாம்"
என்றார் பாபக்கர், ரொட்டியைப் பிய்த்தபடி.
அவர் அம்மா தினமும் கூப்பிடுவாள்.

எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை.
பழைய மடிப்பிலேயே மடித்து
இருந்த இடத்திலேயே சொருகினேன்.

இப்போது யாராவது வந்து
கோபுரம் தெரிகிற மேசை கேட்டால்
ஏழைக் காட்டுகிறேன்.
தெரியாது, என்கிறேன்,
ஆனால் ஆடாது.