நாலாவது குழாய்

பஞ்சாயத்துத் தண்ணீர்த் தொட்டியடியில்
பிளீச்சிங் பவுடர் தீர்ந்து கிடந்த நீலப் பீப்பாயை
நாற்பது ரூபாய்க்குக் கேட்டேன்.
சும்மா கொண்டுபோ என்றார் மோட்டார் போடும் போஜன்.
நெடுக்காக அறுத்தேன்.
ஒரு பாதி மாதியின் எருமைக்குத் தொட்டியாயிற்று.
மறுபாதி என் சறுக்கு வண்டி.

ஜனவரியில் எமரால்டு அணை இறங்கிவிடும்.
சாலைக்கும் தண்ணீருக்கும் நடுவே
முந்நூறு அடி சரிவு, புல்லும் சேறும்.
விடியலில் உறைபனி அதன்மேல் உப்புக் கொட்டியிருக்கும்.
தோளில் பெட்டி, கையில் தூண்டில்கள், அக்குளில் பிளாஸ்க் என்று
போன வருஷம் மூன்று முறை விழுந்தேன்.
மூன்றாவதை மட்டும்
முழங்கை இன்னும் ஞாபகம் வைத்திருக்கிறது.

அதனால் வண்டி.
மூக்கில் இரண்டு துளை, நைலான் கயிறு.
பின்பக்கம் ஒன்றரை அங்குலக் குழாய்,
முழத்துக்கு ஒன்றாய் நாலு துண்டு,
கொஞ்சம் சாய்த்து, கிளாம்பு போட்டு.
குழாய் வாயைச் சுற்றி சைக்கிள் டியூப்,
தக்கைப் பிடி கீறாதிருக்க.
ரீலின் கழுத்து உட்கார ஒரு வெட்டு;
அந்த வெட்டு கைவருவதற்குள் மூன்று குழாய் வீண்.

மூன்று தூண்டிலுக்கு எதற்கு நாலு என்றாள் குளோரி.
குழாய் மிச்சமிருந்தது என்றேன்.
உண்மையும் அதுதான்.

நடுவில் கேரட் மண்டியின் கிரேட்.
ஏழு கிழமையும் எழுதிய மாத்திரை டப்பாவில் முள்கள்:
திங்களில் பொடிசு, ஞாயிறில் பெரிசு.
மைதா உருண்டை, அவள் தேடிக்கொண்டிருக்கும் இட்லித் துணியில்.
மீன்துறைச் சீட்டு பால் கவரில்.
மண்புழுவுக்குத் தனி அறை, மூடியில் காற்றோட்டம்.

ஞாயிறு, ஆறு மணி.
"தள்ளவே வேணாம் போல அண்ணே" என்றான் சேசுராஜ்.
கையுறை மாட்டக் கயிற்றை விட்டேன்.
ஒரு கைக்குத்தான். மறுகைக்கு நேரமில்லை.

போனது.
பனிப்புல்லில் நீலமாய், நேராய்,
தூண்டில் மூன்றும் விறைத்து நிற்க
வழி தெரிந்த ஆள்போல் போனது.
சேத்துல நின்னுரும் என்றான்.
சேறும் உறைந்திருந்தது.
கரையோரத்தில் கண்ணாடிபோல் படிந்த ஏடு
அப்பளமாய் நொறுங்க,
தண்ணீரில் இறங்கி
மிதந்தது.

இதைச் சொல்லியாக வேண்டும்:
ஒரு தூண்டில் சாயவில்லை,
ஒரு டப்பா கவிழவில்லை.
என் கையால் செய்த எதுவும்
இவ்வளவு ஒழுங்காய் வேலை செய்ததேயில்லை.

"முள்ள வீசிக் கயித்தப் புடிச்சிரலாம்ண்ணே."
எதை வைத்து என்று நான் கேட்கவில்லை.
அவனே பார்த்தான்.
மூன்றும் அங்கே, ஏரிக்குள்,
அதனதன் குழாயில், பத்திரமாய்.
முதலில் சிரித்தது யாரென்று தெரியவில்லை.

வெயில் ஏறியபின் காற்று திரும்பி
அக்கரைக்கு ஒதுக்கியது.
சுற்றிக்கொண்டு நாங்கள் போய்ச் சேர்வதற்குள்
கேரட் பிடுங்க வந்த கெம்பம்மா
முட்டிவரை நனைந்து இழுத்துப் போட்டிருந்தாள்.
"டீல சக்கரை பத்தல" என்றாள்.
இட்லித் துணியையும் பிரித்துப் பார்த்தார்களாம்.
வேகாத மாவை எவனாவது கட்டிக்கொண்டு வருவானா
என்று அவளுக்குள் ஒரு வழக்கு ஓடிக்கொண்டிருந்தது.

மீனா, அது வேறு நாளைக்கு.
வெறுங்கையா போவக்கூடாது என்று
கிரேட்டில் நாலு கேரட் போட்டாள்.
பருத்த ஒன்றை மட்டும் தழையோடு எடுத்து
யோசிக்காமல் நாலாவது குழாயில் செருகினாள்.
அளவெடுத்ததுபோல் உட்கார்ந்தது.
சரிவேறும்போதெல்லாம்
தழை தலையாட்டிக்கொண்டே வந்தது.

வாசலில் குளோரி எண்ணினாள்.
"நாலாவதுல கடிச்சிருக்கு போல."

கயிற்று நுனியில் இப்போது ஒரு இரும்பு முளை.
நிற்குமிடத்தில் அடித்துவிட்டுத்தான் கையுறை.
அடிக்க ஒரு சுத்தியல் வேண்டும்.
சுத்தியலுக்கு வண்டியில் இடமில்லை.