என்ன வேணும்

பத்து ரூபாய் வில்லையைக் கொக்கிரகுளத்தில் வாங்கி
பாளையங்கோட்டையில் ஒட்டினேன்.
நடுவில் ஒரு பஸ், ஒரு மழை.
மனுவின் மூலை ஊறிப் போயிருந்தது.

சிறை அலுவலகத் தபால் பிரிவில் இருந்தவர்
விரலால் வரி பிடித்து வாசித்தார்:
பீடிச் சங்கத் தலைவர், முன்னாள் சட்டமன்ற உறுப்பினர்,
அமரர் கோயில்பிச்சை அவர்கள்
எழுபத்துமூன்று ஐப்பசியில்
இங்கே இருந்த ஒன்பது நாள் சம்பந்தமாக.

"அவுக உங்களுக்கு என்ன வேணும்?"

காரணம் சொல்லத் தேவையில்லை என்று
சட்டத்தில் ஒரு வரி உண்டு. எனக்கு மனப்பாடம்.
ஆனால் எங்கள் பக்கம்
உறவைக் கேட்கவும் தேவையைக் கேட்கவும்
ஒரே பேச்சுதான்.
எதற்குப் பதில் சொல்வதென்று தெரியாமல்
ரசீது வேணும் என்றேன்.

கேள்வி ஒன்று: அடைக்கப்பட்ட தேதி.
இரண்டு: மருத்துவர் எழுதிய குறிப்பின் நகல்.
மூன்று: உள்ளே வரும்போது கையிலிருந்த பொருட்கள்.
இதைச் சும்மா சேர்த்தேன்,
அடுத்தது தனியாகத் துருத்திக்கொண்டு நிற்காமலிருக்க.
நான்கு: அவர் வழுக்கி விழுந்ததாகச் சொல்லப்படும் இரவில்
அந்தக் கட்டடத்தில் பணியிலிருந்தவர் பெயர்.

முப்பது நாள் என்றால் முப்பது நாள் இல்லை.
மனு தாலுகா ஆபீசுக்குப் போனது.
தாலுகா ஆபீஸ் இறப்புச் சான்று கேட்டது.
முருகன்குறிச்சி முக்கில் சிமெண்டில் நிற்கிறார் மனிதர்.
வருசம் ஒருதரம் வெள்ளிப் பெயிண்ட்,
மூக்குக் கண்ணாடிக்கும் சேர்த்து.
ஏணி வைத்து ஏறி மாலை போடுகிறார்கள்.
அவர் செத்துப்போனதை
நான் நிரூபிக்க வேண்டியிருந்தது.

தை மாதம் பதில் வந்தது.
ஒன்று: விதிப்படி கோப்பு அழிக்கப்பட்டது.
இரண்டு: மூன்றாம் நபர் தகவல், வழங்க இயலாது.
நான்கு: அத்தகைய பதிவேடு பராமரிக்கப்படவில்லை.
மூன்றுக்கு மட்டும்
ரெண்டு ரூபாய்க்கு ஒரு பக்கம்.

காடாத் துண்டு ஒன்று.
செருப்பு, இடது வார் அறுந்தது.
பீடிக்கட்டு, பாதி.
பணம், ஒரு ரூபாய் முப்பத்தைந்து பைசா.
மூக்குக் கண்ணாடி ஒன்று,
அதற்கு மேலே, இடமில்லாத இடத்தில்
நெருக்கி ஏற்றிய ஒரு சொல்:
உடைந்தது.

அந்தத் 'து'வின் வாலை எனக்குத் தெரியும்.
பால் கணக்கு நோட்டில்
வந்தது, வந்தது, வரவில்லை, வந்தது என்று
கீழ்வரியைத் தொடும்வரை இழுத்துவிட்டுத்தான்
பேனாவை எடுப்பார்
இரண்டாம் நிலைக் காவலர் பரமார்த்தலிங்கம்.

போன புரட்டாசியில் எரித்தோம்.

குவார்ட்டர்ஸில் அம்மா பீடி சுற்றிக்கொண்டிருப்பாள்.
"ஆயிரத்துக்கு முப்பது பைசா கூட்டித் தந்த மகராசன்"
என்று அவள் ஆரம்பித்தால்
அப்பா எழுந்து போய்
அடிபம்பை அடித்துக்கொண்டிருப்பார்,
குடம் நிறைந்த பிறகும்.

கேட்ட பெயரைத் தரவில்லை.
கேட்காமலே கொடுத்துவிட்டார்கள்,
கொடுத்தது அவர்களுக்குத் தெரியாது.

எப்போது ஏற்றினார் அந்தச் சொல்லை?
வரும்போதே உடைந்திருந்தது என்று காட்டவா,
இல்லை, உடைந்தது என்று
எவளாவது ஒருநாள் படிக்கட்டும் என்றா?
யாராவது பக்கத்தில் நின்றார்களா எழுதும்போது?
மேலே ஏற்றிய சொல்லும்
கீழே இருக்கும் சொல்லும் ஒரே மையா?
ஜெராக்ஸில் எல்லா மையும் கறுப்பு.

மேல்முறையீட்டுக்கு இன்னும் பதினொரு நாள் இருக்கிறது.
அசல் பதிவேட்டை நேரில் பார்க்க அனுமதி கேட்டு
நேற்றே எழுதிவிட்டேன்.
மழை இல்லை. மூலை நனையவில்லை.

தபால் பிரிவில் அதே ஆள்.
முத்திரையை மையில் ஒற்றி
கையைத் தூக்கி வைத்துக்கொண்டே கேட்டார்.

"அவுக உங்களுக்கு என்ன வேணும்?"

எவுக, என்றேன்.